செரமிக் கோட்டிங்: வாகனத்துக்குக் கவசமா? வர்த்தகருக்கு வீண் செலவா?

அண்மையில் காத்தான்குடி பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் இளம் வர்த்தகர் ஒருவர் என்னைக் கண்டதும் உள்ளே அழைத்து அமர வைத்தார். தேநீர் வருவதற்கு முன்னரே விடயத்துக்கு வந்துவிட்டார்.

"காக்கா, புதுசா வாகனம் ஒண்டு எடுத்திருக்கன். செரமிக் கோட்டிங் அடிக்கச் சொல்றாங்க. ஒரு இலட்சத்துக்கு மேல போகுமாம். அடிச்சா அஞ்சு வருசத்துக்குக் கீறலே விழாதாம். அடிக்கவா, வேணாமா?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட சுமார் ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போனதை எல்லோரும் கண்டோம். இப்போது இறக்குமதி செய்பவர்களும் பெருந்தொகை வரி செலுத்தியே எடுக்கிறார்கள். ஆகவே வாகனம் என்பது ஏறி இறங்கும் பொருள் மட்டுமல்ல, பலருக்குக் கடைக்கு அடுத்த பெரிய முதல் அதுவாகத்தான் இருக்கிறது. அந்த முதலைப் பாதுகாக்க நினைப்பதில் தவறில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். செரமிக் கோட்டிங் ஏமாற்று வேலையல்ல. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு அது கவசமுமல்ல. எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோருக்கு அது முதற் செலவு அல்ல, நான்காவது அல்லது ஐந்தாவது செலவு. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் கோட்டிங் அடிப்பது, கூரை ஒழுகும் கடைக்குப் பெயர்ப்பலகை மாற்றுவது போன்றதாகும்.

பத்திரிகைத் தாளிலும் மெல்லியது

வாகனத்தின் பெயின்ட் எவ்வளவு தடிப்பானது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் தகட்டின் மீது முதலில் கறள் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசப்படுகின்றது. ஜப்பானிய வாகனங்களில் இந்த எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 மைக்ரோன் அளவில்தான் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரோன். நீங்கள் கையில் பிடித்திருக்கும் இப்பத்திரிகைத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அதாவது வாகனத்தின் பளபளப்பும், வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதும் இந்தத் தாளை விட மெல்லிய ஒரு படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருட்கள் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கின்றன.

கட் அன்ட் பொலிஷ் என்று நாம் சொல்லும் வேலை என்ன? கீறலை நிரப்புவது அல்ல. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து எடுப்பதுதான் அது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன் போய்விடும். கை தேர்ந்தவர் மென்மையான பொலிஷ் செய்தால் ஒன்றோ இரண்டோ மைக்ரோனுடன் முடித்து விடுவார். பழக்கமில்லாதவர் கனமான கொம்பவுண்ட் போட்டு மெஷினை அழுத்தினால் அதைப் போல் பல மடங்கு போகும். போனது திரும்பி வராது. கடையில் சரக்கு முடிந்தால் மறுபடியும் இறக்கலாம். கிளியர் கோட் முடிந்தால் இறக்குவதற்கு இடமில்லை.

பெருநாளைக்குப் பெருநாள் பொலிஷ்

எனக்கு நன்கு தெரிந்த ஒரு புடைவை வர்த்தகர் 2015 இல் கறுப்பு நிறக் கார் ஒன்று வாங்கினார். வாகனத்தை மிகவும் நேசிப்பவர். கறுப்பில் கீறல் அதிகம் தெரியும் என்பதால் ஒவ்வொரு பெருநாளைக்கும் முன்னர் கட் அன்ட் பொலிஷ் செய்து கொண்டு வருவார். பெருநாளன்று வாகனம் கண்ணாடி போல் இருக்கும். மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த வருடம் மீண்டும் பொலிஷ்.

ஆறாவது வருடம் கூரையிலும் பொனட்டின் விளிம்புகளிலும் வெள்ளைத் தேமல் போல் தோன்றியது. பிறகு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. கிளியர் கோட் முடிந்துவிட்டது. வேறு வழியின்றி இரண்டு பாகங்களுக்கும் பெயின்ட் அடித்தார்.

2023 இல் கடைக்குச் சரக்குப் போடப் பணம் தேவைப்பட்டபோது வாகனத்தை விற்க முன்வந்தார். வாங்க வந்தவர் பெயின்ட் தடிப்பை அளக்கும் சிறு கருவியைக் கொண்டு வந்திருந்தார். கதவில் 100 ஐ ஒட்டிக் காட்டிய கருவி கூரையில் 250 ஐத் தாண்டியது. "இது புரண்ட வாகனமா?" என்று கேட்டார். ஒரு நாளும் எங்கும் முட்டாத வாகனம் அது. எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில் மூன்று இலட்சம் குறைத்தே கொடுக்க வேண்டியதாயிற்று.

"வருசா வருசம் காசு குடுத்து நானே வாகனத்துட தோல உரிச்சிருக்கன்" என்று அவர் என்னிடம் சொன்னபோது ஆறுதல் கூற எனக்கு வார்த்தை வரவில்லை.

எமது நாட்டில் பழைய வாகனத்துக்கு விலை பேசும்போது "ஒரிஜினல் பெயின்ட்" என்ற இரண்டு சொற்களுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பது விற்றவர்களுக்குத் தெரியும். நாம் பாதுகாக்க வேண்டியது பளபளப்பை அல்ல, அந்த ஒரிஜினல் பெயின்டைத்தான்.

கோட்டிங் என்ன செய்யும்? என்ன செய்யாது?

செரமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம். பூசியதும் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, மீதி கிளியர் கோட்டுடன் இறுக்கமாக ஒட்டிக் கொள்கின்றது. மெழுகு சில வாரங்களில் அல்லது ஓரிரு மாதங்களில் கழன்று விடும். இது நன்றாகப் பூசப்பட்டால் வருடக் கணக்கில் நிற்கும். தண்ணீர் தங்காமல் உருண்டோடும். அழுக்கு இறுகப் பிடிக்காததால் கழுவுவது எளிது. காகத்தின் எச்சம், பூச்சிகளின் கறை, மரப்பால் ஆகியவை பெயின்டைத் தின்னும் வேகம் குறையும். இந்த நன்மைகள் உண்மையானவை.

ஆனால் அந்தப் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோன், மிஞ்சினால் இரண்டு. அதனால் வீதியில் தெறிக்கும் கல்லைத் தடுக்க முடியாது. கதவோடு உரசிச் செல்லும் முச்சக்கர வண்டியைத் தடுக்க முடியாது. கடைத்தெருவில் யாராவது சாவியால் இழுத்தால் அதையும் தடுக்க முடியாது. கல் தெறிப்பைத் தாங்குவது வேறு பொருள். அது பிபிஎஃப் எனப்படும் பொலியூரித்தேன் படலம். அதன் தடிப்பு 150 முதல் 200 மைக்ரோன். அதன் விலையும் அதற்கேற்பப் பல மடங்கு.

"9எச் கடினம்" என்று விளம்பரங்களில் காண்கிறோம். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று விளக்கம் கொடுப்பவர்களும் உண்டு. அது தவறு. வைரத்துக்குப் பத்து என்று வைத்துக் கற்களின் கடினத்தைக் கூறும் அளவுகோல் வேறு, இது வேறு. 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. பெயின்ட் தொழிலில் பூச்சின் மீது வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை அழுத்தி இழுத்துப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலாலும் கீற முடியவில்லை என்றால் 9எச். மணல் துகளுக்கு இந்தப் பென்சில் கணக்கெல்லாம் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டி விற்பார்கள். அந்த முத்துகள் வெயிலில் அப்படியே காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுச் செல்லும். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலமுள்ள பகுதிகளில் கிணற்று நீரால் கழுவுபவர்கள் இதை நன்கு அறிவார்கள். கோட்டிங் அடித்த வாகனத்தையும் கழுவியவுடன் துடைத்தே ஆக வேண்டும். அடித்துவிட்டால் கவனிக்கத் தேவையில்லை என்பது பொய்.

சில காலத்துக்கு முன் இதே இடத்தில் டெஃப்லோன் கோட்டிங் என்று ஒன்று விற்கப்பட்டது நினைவிருக்கலாம். சமையல் சட்டியில் டெஃப்லோன் ஒட்டுவதற்கு அதை முன்னூறு பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைக் காரின் பெயின்ட் தாங்காது. பெயர் பெரியதாக இருந்தது, பயன் மெழுகைப் போலவே இருந்தது. செரமிக் அதைவிட எவ்வளவோ மேலானது. ஆனாலும் பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

மினுக்கம் எங்கிருந்து வருகின்றது?

கோட்டிங் அடித்து வெளியே வரும் வாகனம் முன்னரை விட மினுங்குவதைக் கண்டு நாம் வியக்கிறோம். அந்த மினுக்கத்தின் பெரும்பகுதி கோட்டிங்கால் வந்தது அல்ல. அதற்கு முன் செய்த கழுவல், படிந்த துகள்களை அகற்றல், பொலிஷ் ஆகியவற்றால் வந்தது. நாம் கொடுக்கும் பணத்திலும் பெரும்பகுதி அந்த உழைப்புக்குரியதுதான். போத்தலில் உள்ள திரவம் சிறிதளவே செல்லும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்குகின்றன. முதலாவது, கீறல்களை நீக்காமல் மேலே கோட்டிங் அடித்தால் கீறல்கள் அப்படியே உள்ளே பூட்டப்படும். இரண்டாவது, மலிவு விலையில் இரண்டு மணித்தியாலத்தில் செரமிக் அடித்துத் தருகிறோம் என்பவர் உழைப்பை வெட்டிவிட்டுத் திரவத்தை மட்டும் தருகிறார். நல்ல வேலைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ செல்லும்.

கணக்குப் பார்ப்போம்

கோட்டிங்குக்கு ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக் கொள்வோம். ஐந்து வருட உத்தரவாதம் என்று சொன்னாலும் பெரும்பாலான உத்தரவாதங்களில் வருடத்துக்கு ஒரு முறையாவது பணம் கட்டிப் பராமரிப்புக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். நீர்க்கறை, கீறல், விபத்து ஆகியவை அதில் அடங்காது. எமது வெயிலிலும் உப்புக் காற்றிலும், சேர்விஸ் நிலையத்துக் கழுவலிலும் நடைமுறையில் இரண்டு வருடம் பயன் தருகின்றது என்று எடுத்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 4,170 ரூபா.

அந்த ஒரு இலட்சம் விற்கும்போது திரும்பி வருமா? வாங்குபவர் ஒரிஜினல் பெயின்டுக்கு விலை தருவார், இயந்திரத்துக்குத் தருவார், ஓடிய கிலோமீற்றருக்குத் தருவார். "கோட்டிங் அடித்திருக்கிறேன்" என்பதற்குத் தனியாக விலை தருபவரை நான் இன்னும் காணவில்லை. ஆகவே இது முதலீடு அல்ல, செலவு. செலவு என்று தெரிந்து செய்தால் குற்றமில்லை. முதலீடு என்று நினைத்துச் செய்தால்தான் நட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாகனத்தை லீசிங்கில் எடுக்கும்போது கோட்டிங் கட்டணத்தையும் அதே தொகைக்குள் சேர்த்து விடுமாறு சிலர் ஆலோசனை கூறுகிறார்கள். இரண்டு வருடத்தில் தேய்ந்து போகும் பூச்சுக்கு ஐந்து வருடம் தவணை கட்டுவது எந்த வியாபாரக் கணக்கிலும் அடங்காது.

யாருக்குப் பயன்?

வாகனத்தின் தோற்றமே வருமானமாக உள்ளவர்களுக்குப் பயன் உண்டு. திருமணங்களுக்கு வாடகைக்கு விடுபவர்கள், சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வேன் உரிமையாளர்கள் ஆகியோருக்கு வாகனம் எப்போதும் புதிது போலிருக்க வேண்டும். கழுவும் நேரம் குறைவதும் அவர்களுக்கு இலாபமே. புதிய வாகனம் வாங்கி நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர், நிழல் இல்லாத இடத்தில் நிறுத்துகிறவர், தானே முறையாகக் கழுவுகிறவர் என்றால் அவரும் அடிக்கலாம்.

சரக்கு லொறிக்கும், பட்டா வண்டிக்கும், கடைக்குப் பொருள் ஏற்றும் வேனுக்கும் தேவையில்லை. அவற்றின் எதிரி மேலே இல்லை, கீழே இருக்கிறது. பேருவளையிலும் சாய்ந்தமருதிலும் மீன் ஏற்றும் லொறிகளைப் பாருங்கள். ஐஸ் கரைந்து வடியும் உப்பு நீர் சட்டகத்தைத் தின்று கொண்டிருக்கும். மேலே எந்தக் கோட்டிங் அடித்தாலும் அந்தக் கறளைத் தடுக்க முடியாது. அதே பணத்தில் அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து அண்டர் கோட்டிங் அடிப்பதே புத்திசாலித்தனம்.

புதிதாகப் பெயின்ட் அடித்த வாகனத்துக்கு உடனே கோட்டிங் அடிக்கவும் கூடாது. பெயின்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேறச் சில வாரங்களாவது கொடுக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

வாகனத்தில் காணப்படும் வட்ட வட்டமான மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை வீதியில் விழுந்தவை அல்ல, நாமே கழுவும்போதும் துடைக்கும்போதும் போட்டவை. காலையில் கடைக்குப் புறப்படும் முன் உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும் பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தூசியில் மணல் இருக்கின்றது. துணியில் மணலை வைத்துத் தேய்ப்பதும் அரத்தாள் பிடிப்பதும் ஏறத்தாழ ஒன்றே. இன்றிலிருந்து இந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிக் கீறல் நின்றுவிடும்.

கழுவும்போது முதலில் தண்ணீரை அடித்து மணலைப் போக்க வேண்டும். இரண்டு வாளி வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் வாகன ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷம்பூவில் தோய்க்க வேண்டும். உடுப்புக் கழுவும் சவர்க்காரத் தூள் வேண்டாம். சில்லுக்குப் பாவித்த ஸ்பொஞ்சைக் கதவுக்குப் பாவிக்க வேண்டாம். சேர்விஸ் நிலையத்தில் இதைச் சொல்வதற்கு வெட்கப்படவும் வேண்டாம். மைக்ரோபைபர் துவாய் ஒன்றை நீங்களே கொண்டு சென்று கொடுக்கலாம்.

காகம் எச்சமிட்டால் மாலை வரை விடாதீர்கள். வெயிலில் சூடாகி இளகும் கிளியர் கோட்டில் அது பதிந்து, பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஈரத் துணியை அதன் மீது சற்று நேரம் வைத்து ஊறவிட்டு எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நல்ல மெழுகு போடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வாகனத்தின் அடிப்பகுதியை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கறள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மஞ்சளாகிப் போன ஹெட்லைட்டைச் சரி செய்வதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. இரவில் வீதி தெரிய வேண்டுமே. ஆனால் தேய்த்து எடுத்த பின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுப் பூசுகிறார்களா என்று கேளுங்கள். பூசாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும்.

வாகனத்தை விற்பதற்கு முன் ஒரு முறை உள்ளும் புறமும் நன்றாகச் சுத்தம் செய்விப்பதும் பயனுள்ளதே. சுத்தமான வாகனத்துக்கு விலை பேசும்போது பேச்சே வேறு. சுத்தம் செய்வது வேறு, குறையை மறைப்பது வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை

எமது இளைஞர்கள் பலர் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல தொழில். ஆனால் கீறலே விழாது என்று விற்றால் முதற் கீறலோடு வாடிக்கையாளர் போய்விடுவார். பெயின்ட் தடிப்பை அளந்து, வேலைக்கு முன்னும் பின்னும் எழுதிக் கொடுங்கள். இந்த வாகனத்துக்குப் பொலிஷ் போதும், கோட்டிங் தேவையில்லை என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பத்துப் பேரை அனுப்பி வைப்பார். வாடிக்கையாளரும் பணம் கொடுக்கும் முன் அந்த அளவைக் கேட்க வேண்டும். அளவுக் கருவியே இல்லை என்பவரிடம் மெஷினைப் பிடிக்கக் கொடுக்காதீர்கள்.

அந்த இளம் வர்த்தகருக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் கோட்டிங் அடிக்கவில்லை. இரண்டு வாளியும் நல்ல துவாயும் வாங்கியிருக்கிறார். மீதியைச் சரக்கில் போட்டிருப்பதாகக் கூறினார். இரண்டு வருடம் கழித்து வாகனம் எப்படி இருக்கின்றது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கோட்டிங் என்றைக்கும் அடிக்கலாம், தேய்ந்து போன கிளியர் கோட்டைத்தான் திரும்பப் பெற முடியாது.